கணக்குப்பிள்ளை கன்பூசியஸும் கொழுந்து பார்க்கும் கேமராவும்

வாசகர் கேள்வி – பதில்

செயற்கை நுண்ணறிவை ஆளும் விதிகளுக்குக் கன்பூசிய அறத்திலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமா என்ற பொருளில் கேள்விகள் கேட்டிருந்தோம். வந்தவற்றில் நீலகிரி வாசகர்களுடையவை மட்டும் இந்த இதழில்.

கே: எங்கள் பாடத்தில் அற நெறி என்றால் பயன்மைவாதம், கான்ட், மனித உரிமை என்றுதான் வருகிறது. 2,500 ஆண்டுகளுக்கு முந்தைய சீன ஆசான் ஏஐ பற்றி என்ன சொல்லிவிட முடியும்?
– கல்லூரி மாணவி, குன்னூர்

ஏஐ பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அலுவலகம் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்த கன்பூசியஸ், இன்றைய ஷான்டோங் மாகாணத்தில் இருந்த லூ நாட்டுக்காரர். இளமையில் தானியக் கிடங்கில் கணக்கு எழுதினார் என்று அவர் மரபில் பின்னால் வந்த மென்சியஸ் குறிப்பிடுகிறார். நம் எஸ்டேட் பேச்சில் சொன்னால் கணக்குப்பிள்ளை. அந்த வேலையைப் பற்றி அவர் சொன்னதாக மென்சியஸ் தருவது ஒரே வாக்கியம்: கணக்கு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பயன்மைவாதி, மொத்தத்தில் எவ்வளவு நன்மை என்று கூட்டிப் பார்ப்பார். ஜெர்மன் மெய்யியலாளர் கான்ட் வழியில் வருபவர், இந்த விதி எல்லாருக்கும் பொருந்துமா என்பார். கன்பூசியர் வேறு இடத்தில் தொடங்குவார்: இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார், நாற்காலியின் பெயருக்கு அவர் நடத்தை பொருந்துகிறதா?

கன்பூசியஸின் உரையாடல்களின் தொகுப்பான லுன்யூவில் 13-ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். வெய் நாட்டு ஆட்சி உங்கள் கைக்கு வந்தால் முதல் வேலை என்ன என்று சீடர் ஸீலூ கேட்கிறார். பெயர்களைச் சரிசெய்வது என்கிறார் கன்பூசியஸ். சீடருக்கு இது சுற்றுவழியாகப் படுகிறது. ஆசான் விளக்குகிறார்: பெயர் சரியில்லை என்றால் பேச்சு பொருந்தாது, பேச்சு பொருந்தாவிட்டால் காரியம் நடக்காது, கடைசியில் தண்டனை தவறான ஆள்மேல் விழும், மக்களுக்குக் கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் போகும்.

ஆஸ்திரேலியாவில் ‘ரோபோடெட்’ என்று பேரெடுத்த திட்டத்தில் நடந்தது இதுதான். அரசு உதவித்தொகை வாங்குபவரின் ஆண்டு வருமானத்தை எடுத்து, 26 இருவாரங்களுக்கும் சமமாக வகுத்துப் போட்டார்கள். ஆறு மாதம் வேலை பார்த்து ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்தவர், சும்மா இருந்த காலத்திலும் சம்பாதித்ததாகக் கணக்கு காட்டியது. வீட்டுக்கு வந்த கடிதத்தில் ‘கடன்’ என்று இருந்தது. உண்மையில் அது ஊகம். ஊகத்துக்குக் கடன் என்று பெயர் வைத்தவுடன், அது தப்பென்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் ஏறிவிட்டது. நியாயமும் இல்லை, சட்டத்துக்கும் உட்பட்டதில்லை என்று அரச விசாரணை ஆணையம் 2023-இல் அறிக்கை தந்தது. கவனியுங்கள், அதில் ஏஐ-யே கிடையாது. வெறும் வகுத்தல் கணக்கு.

கே: ஊட்டிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் கொடுப்பதும் ஏஐ-தானா?
– விடுதி நடத்துபவர், உதகை

இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வந்தது அது. 2025 கோடைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். படிவம், எண்ணிக்கை, வரம்பு, அவ்வளவே. இதற்கெல்லாம் ஏஐ என்று பெயர் சூட்டினால் இரண்டு தீங்கு. சாதாரண விதியைக் கேள்வி கேட்க மக்கள் தயங்குவார்கள். உண்மையிலேயே ஆளை எடை போடும் இயந்திரம் ஒன்று வரும்போது, இதுவும் இ-பாஸ் மாதிரிதான் என்று விட்டுவிடுவார்கள். மேலே சொன்ன பெயர்த் திருத்தத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

கே: எங்கள் தொழிற்சாலையில் இலை வாங்குமிடத்தில் கேமரா வைத்து, மூட்டையைப் படம் பிடித்து, தரம் ஏ, பி, சி என்று போட்டு எடையில் கழிவு பிடிக்கப்போகிறார்கள். ஆள் பார்த்தால் அவரோடு சண்டை போடலாம். கேமராவோடு யார் சண்டை போடுவது? நிர்வாகக் குழுவில் வைக்கத் தக்கபடி விவரமாக எழுதுங்கள்.
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

சண்டை போட ஆள் வேண்டும் என்கிறீர்களே, விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. குழுவின் முதல் தீர்மானம் இப்படி இருக்கட்டும்: தரம் போடுவது கேமரா அல்ல, அன்று பணியில் இருக்கும் இலை அலுவலர். கேமரா சொல்வது அவருக்கு ஒரு கருத்து. ரசீதில் ‘இயந்திர மதிப்பீடு’ ஒரு வரி, ‘முடிவு’ இன்னொரு வரி. முடிவுக்குப் பக்கத்தில் அலுவலர் பெயரும் கையெழுத்தும். ‘சிஸ்டம் போட்டுவிட்டது’ என்ற பேச்சு அந்த மேடையில் யார் வாயிலிருந்தும் வரக்கூடாது.

இதோடு நிறுத்தினால் ஏமாந்துபோவீர்கள். வரிசையில் 40 மூட்டை நிற்கும்போது அலுவலர் திரையைப் பார்க்காமலே ‘சரி’யை அழுத்துவார். ஆகவே அவர் இயந்திரத்தை எத்தனை முறை மாற்றினார் என்று மாதாமாதம் எண்ணுங்கள். ஒரு மாதம் முழுக்க ஒரு முறைகூட மாற்றவில்லை என்றால் அவர் இலையைப் பார்க்கவில்லை. மாற்றிய ஒவ்வொரு முறையும் மேலாளர் அவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார் என்றால், அவர் பார்ப்பதை நீங்களே நிறுத்திவிடுகிறீர்கள்.

கேமரா எங்கெங்கே தவறும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். அது பார்ப்பது மூட்டையின் மேல் அடுக்கை. அடியில் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. மழை நாளில் ஈர இலை பளபளக்கும், வெளிச்சம் திரும்பி அடித்து வாசிப்பு மாறும். மாலையில் பனி இறங்கி டியூப் லைட் போட்டால் நிறமே வேறு. பயிற்சிப் படங்கள் வேறு மாநிலத்துப் பெரிய இலை ரகத்தில் எடுத்தவையாக இருந்தால், நம் பக்கத்துப் பழைய சீன வகைச் செடியின் சிறிய இலை அதற்குப் பழக்கமில்லாதது. இவற்றைவிடக் கொடுமை சிவந்த இலை. நெருக்கிக் கட்டிய மூட்டை லாரிக்காக இரண்டு மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தால், உள்ளே சூடேறி இலை சிவந்துவிடும். கேமரா சிவப்பைச் சரியாகவே காணும். ஆனால் தாமதம் லாரியுடையது, கழிவு விவசாயிக்கு. இயந்திரம் சரியாக வேலை செய்தும் தண்டனை தவறான ஆள்மேல் விழுவதற்கு இதைவிட எடுத்துக்காட்டு கிடைக்காது. லாரி வந்த நேரம் ரசீதில் ஏற வேண்டும்.

சோதனை ஓட்டம் 6 வாரம். அந்தக் காலத்தில் கேமராவின் தரம் பதிவாகலாம், விலையைத் தொடக்கூடாது. நாள்தோறும் 20 மூட்டை. ஒவ்வொன்றிலும் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் எடுத்துக் கலந்து 100 கிராம் நிறுத்து, மேசையில் கொட்டிக் கையால் பிரியுங்கள்: இரண்டு இலை ஒரு மொட்டும் மற்ற இளசும் ஒரு பக்கம், முற்றியது ஒரு பக்கம். இரண்டையும் நிறுத்தால் சதவீதம் நேராகக் கிடைக்கும். வாரம் 6 நாள் என்றால் 720 மாதிரி. பிரிப்பவருக்குக் கேமரா சொன்ன எண்ணும் தெரியக்கூடாது, மூட்டைக்காரர் பெயரும் தெரியக்கூடாது. டோக்கன் எண் போதும். இது புதுத் தந்திரம் அல்ல. சோங் வம்சத்து அரசுத் தேர்வுகளில் விடைத்தாளில் பெயரை மறைத்து ஒட்டினார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று, எழுத்தர்களை வைத்து முழுத் தாளையும் வேறு கையில் படியெடுத்த பிறகுதான் திருத்தக் கொடுத்தார்கள்.

720-இன் மொத்தச் சராசரியைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். ஊர்வாரியாக, மழை நாள் – வெயில் நாள், காலை – மாலை என்று பிரித்துப் பாருங்கள். மொத்தத்தில் சரியாக இருக்கும் கேமரா, ஒரே ஒரு ஊர் மூட்டையில் மட்டும் தொடர்ந்து 6 சதவீதம் குறைத்துப் போடலாம். எந்தப் பிரிவில் கைக்கணக்குக்கும் அதற்கும் 5 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு வருகிறதோ, அந்தப் பிரிவுக்குக் கேமரா வேண்டாம். மென்பொருள் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் 100 மாதிரியாவது மறுபடி எடுங்கள். போன மாதம் தேறியது இந்த மாதக் கேமரா அல்ல.

முறையீடு எப்போது என்பது மிக முக்கியம். இலை வாட்டும் தொட்டியில் கொட்டிவிட்டால் பத்துப் பேர் இலையோடு கலந்துவிடும், சாட்சி போயிற்று. கொட்டுவதற்கு முன்பே, மேடையிலேயே, 15 நிமிடத்துக்குள் கைப்பிரிப்பு கேட்கும் உரிமை வேண்டும். கேட்டவருக்கு வரிசையில் இடம் போகக்கூடாது.

கடைசியாகப் பணம். மேலோர் நேர்மையை அறிவர், சிறியோர் ஆதாயத்தை அறிவர் என்று லுன்யூ 4-ஆம் அத்தியாயம். தரத்தைக் குறைத்தால் தொழிற்சாலைக்கு மிச்சம் என்ற நிலையில், தர எல்லையை நிர்ணயிக்கும் குமிழ் தொழிற்சாலை கையிலேயே இருப்பது ஆளைச் சிறியோர் ஆக்கும் ஏற்பாடு. நாளைக்கு 200 கிலோ போடுபவருக்கு 3 சதவீதம் கூடுதல் கழிவு என்றால் 6 கிலோ. கழிவுத் தொகையைத் தனிக் கணக்கில் வைத்து, காலாண்டுக்கு ஒருமுறை நல்ல இலை போட்டவர்களுக்கு ஊக்கத்தொகையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கேமரா நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் மட்டும். பிடித்த கழிவில் பங்கு என்று ஒப்பந்தம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கன்பூசியஸின் சீடர் ஸெங்ஸி நாளுக்கு மூன்று கேள்வி கேட்டுத் தன்னைச் சோதித்தாராம். குழுவுக்கு மாதம் மூன்று போதும்: அலுவலர் மாற்றியவை எத்தனை, முறையீட்டில் விவசாயி வென்றவை எத்தனை, அதிகம் கழிவு பிடிக்கப்பட்ட ஊர் எது. விடையைத் தகவல் பலகையில் ஒட்டுங்கள்.

கே: ஏஐ ஒருநாள் கன்பூசியஸ் சொல்லும் ‘சான்றோன்’ ஆகுமா?
– வாசகர், வெலிங்டன்

ஆகாது. சான்றோன் ஒரு பாத்திரம் அல்ல, ஒரே வேலைக்கான கருவி அல்ல என்று லுன்யூ 2-ஆம் அத்தியாயத்தில் ஒரு வரி வருகிறது. கருவியாக இருப்பதே ஏஐ-யின் வேலை. தவறு செய்தால் அதற்கு வெட்கம் வராது, வெட்கம் வராததைத் திருத்தக் கன்பூசியஸிடம் வழி கிடையாது. கேள்வியைத் திருப்பிப் போட்டால் பயன் உண்டு: அதைக் கையாளும் நாம் கருவியாகிக்கொண்டிருக்கிறோமா?

கே: யானை வருகிறது என்று போனில் எச்சரிக்கை வருகிறது, பாதி நேரம் யானையே இல்லை. இப்போது யாரும் பார்ப்பதில்லை. இதற்கு அறம் என்ன செய்யும்?
– தோட்டத் தொழிலாளி, கூடலூர்

உணவு, படை, மக்களின் நம்பிக்கை: அரசுக்கு இந்த மூன்றும் வேண்டும் என்கிறார் கன்பூசியஸ். ஒன்றை விட வேண்டி வந்தால்? படையை விடு. இன்னொன்று? உணவை விடு. நம்பிக்கை போனால் நிற்க இடமில்லை. எச்சரிக்கைக் கருவிக்கு இது அப்படியே பொருந்தும்.

பொய் எச்சரிக்கை ஏன் இத்தனை வருகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு கேமரா இரவில் 1,000 அசைவுப் படம் எடுக்கிறது, அதில் யானை 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘99 சதவீதம் துல்லியம்’ என்று விளம்பரம். மீதி 998-இல் 1 சதவீதம் தவறினால் சுமார் 10. ஆக 12 எச்சரிக்கை, அவற்றில் 10 பொய். துல்லியம் 99 என்பதும் உண்மை, உங்கள் போன் பெரும்பாலும் பொய் சொல்கிறது என்பதும் உண்மை. யானை அபூர்வமாக வரும் இடத்தில் இப்படித்தான் ஆகும். ‘யானை’ என்று கருவி முடிவு செய்யும் எல்லையை இறுக்கினால் பொய் குறையும், உண்மை யானை தப்பிவிடும். மதுக்கரையில் ரயில் பாதைக்காக 2024 பிப்ரவரியில் தொடங்கிய ஏற்பாட்டில் எச்சரிக்கை கட்டுப்பாட்டு அறைக்குப் போகிறது. அங்கே பணியில் இருக்கும் ஆள் பார்க்க முடியும். படத்தை யாரும் பார்க்காமல் நேராகப் பொதுமக்கள் போனுக்கு அனுப்பினால் பொய் முழுவதும் உங்கள் தலையில் விழும்.

இரண்டு படி வையுங்கள் என்று வனத் துறையிடம் கேளுங்கள். முதலில் படம் வேட்டைத் தடுப்புக் காவலருக்கு. அவர் பார்த்து அனுமதித்த பிறகு ஊருக்கு. 3 நிமிடத்தில் அவர் பதில் தராவிட்டால் தானாகப் போகட்டும், ஆனால் ‘உறுதி செய்யப்படவில்லை’ என்ற வாசகத்தோடு. தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் கொள்வதே அறிவு என்ற கன்பூசியஸ் வாக்கைச் செய்தியின் அமைப்பாகவே ஆக்கலாம்: எந்த இடம், எத்தனை மணிக்கு, கேமரா கண்டதா ஆள் கண்டதா, எத்தனை மணி வரை செல்லும். பணியர், காட்டுநாயக்கர் பழங்குடியினர் தடம் பார்த்துச் சொல்லும் தகவலுக்கும் அதே செயலியில் இடம் வேண்டும். அவர்களிடமிருந்து போனில் ஒரு அழைப்பு வந்தால் ஏற்றிவிட ஆள் வேண்டும். செயலியை இறக்கச் சொல்லி அவர்களை அலையவிடக் கூடாது.

கே: கன்பூசியம் என்றாலே மேலே இருப்பவனுக்கு அடங்கு என்பதுதானே? சீனாவின் கண்காணிப்புக்கு அது வசதியான சாக்கு. இதை ஏஐ ஆளுகைக்குக் கொண்டுவருவது ஆபத்தில்லையா?
– வழக்கறிஞர், உதகை

ஆபத்து உண்டு, ஆனால் நீங்கள் சுட்டும் இடத்தில் அல்ல. அண்டை வீட்டாரை ஒருவரையொருவர் உளவு பார்க்கச் சொல்லி, ஐந்து பத்துக் குடும்பமாகக் கட்டி, ஒருவன் குற்றத்துக்கு எல்லாரையும் பொறுப்பாக்கியது கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் சின் நாட்டு அமைச்சர் ஷாங் யாங். அவர் சட்டவாதப் பள்ளி, கன்பூசியருக்கு எதிர்முகாம். இப்படிப்பட்ட ஆட்சி பற்றிக் கன்பூசியஸ் சொன்னது லுன்யூ 2-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது: கட்டளையாலும் தண்டனையாலும் நடத்தினால் மக்கள் தப்பிக்கப் பார்ப்பார்கள், வெட்கம் இருக்காது, நற்பண்பாலும் ஒழுங்குமுறையாலும் நடத்தினால் வெட்கமும் இருக்கும், தாமே திருந்துவார்கள். ஆளுக்கு மதிப்பெண் போட்டுப் பரிசும் தண்டனையும் தருவது முதல் வகை. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் அப்படிச் சமூக மதிப்பெண் போடுவதை 2025 பிப்ரவரி 2 முதல் தடை செய்திருக்கிறது. கன்பூசியஸ் காரணம் வேறு சொல்வார், முடிவு அதேதான்.

சீன விதிகளையும் ஒரே மூட்டையாகக் கட்ட வேண்டாம். பரிந்துரை அல்காரிதம் பற்றி 2022 மார்ச் 1-இல் அமலுக்கு வந்த விதிகள், பரிந்துரையை நிறுத்திவைக்கப் பயனருக்கு வழி தர வேண்டும் என்கின்றன. முதியோர் பற்றியும், வேலைப் பங்கீடு செய்யும் தளங்களில் தொழிலாளர் பற்றியும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. எழுத்தும் படமும் ஆக்கித் தரும் ‘உருவாக்க ஏஐ’ பற்றி 2023 ஆகஸ்ட் 15-இல் வந்த விதிகள் வலியுறுத்துவது சோஷலிச அடிப்படை விழுமியங்களை; கன்பூசியஸை அல்ல.

அடங்குதல் பற்றி: தந்தை தவறு செய்தால் மகன் எடுத்துச் சொல்ல வேண்டும், மன்னன் தவறு செய்தால் அமைச்சன் எடுத்துச் சொல்ல வேண்டும், சும்மா கீழ்ப்படிவது மகன் கடமை ஆகாது என்று ‘ஷியாவ்ஜிங்’ என்ற கன்பூசிய நூலில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. மன்னனைப் பின்பற்றாதே, நெறியைப் பின்பற்று என்பது பின்னால் வந்த கன்பூசிய அறிஞர் ஷுன்ஸி. ஏஐ நிறுவனத்துக்கு இதை மொழிபெயர்த்தால், குறை கண்ட ஊழியர் வாய் திறப்பது அவருடைய உரிமையோடு நிற்காமல் கடமையும் ஆகிறது. கண்டும் பேசாதவர் பொறுப்பில் தவறியவர். இன்றைய ‘குறை வெளிப்படுத்துவோர் பாதுகாப்பு’ச் சட்டங்கள் பெரும்பாலும் பாதுகாப்போடு நின்றுவிடுகின்றன.

ஆனால் உண்மையான ஓட்டை இங்கேதான். எடுத்துரைத்த அமைச்சரைக் காக்க சிம்மாசனத்தைவிட்டு விலகி நின்ற நீதிமன்றமோ பத்திரிகையோ அந்த மரபில் வளரவில்லை. மன்னன் மனம் வைத்தால் கேட்பான், இல்லாவிட்டால் தலை போகும். பெண்களுக்கு அதில் நாற்காலியே இல்லை. ஆகவே கன்பூசியத்தை மட்டும் வைத்து ஏஐ-யை ஆள முடியாது. உங்கள் தொழில் அழியாது.

கே: வள்ளுவர் இருக்க கன்பூசியஸ் எதற்கு?
– ஓய்வு பெற்ற தமிழாசிரியர், அருவங்காடு

பல இடத்தில் இருவரும் ஒரே குரல். ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானும் கெடும்’ என்பதும் மேலே சொன்ன எடுத்துரைப்பும் ஒன்றே. ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து’ என்பதில் ‘இவன்’ இருக்கிறான். ஏஐ வாங்கும் அலுவலகங்கள் இதனை, இதனால் வரைக்கும் எழுதிவிட்டு ‘இவனை’ விட்டுவிடுகின்றன.

சுவையானது அவர்கள் பிரியும் இடம். எங்கள் ஊரில் ஒரு நேர்மையாளன், தந்தை ஆடு திருடியபோது மகனே சாட்சி சொன்னான் என்று ஒரு பிரபு பெருமைப்படுகிறார். எங்கள் ஊரில் நேர்மை வேறு மாதிரி, தந்தை மகனை மறைப்பான், மகன் தந்தையை மறைப்பான் என்கிறார் கன்பூசியஸ். ‘ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும்’ என்று, யாராயினும் தயவு பார்க்காமல் முறை செய்யச் சொன்ன வள்ளுவர் இதற்குத் தலையாட்டமாட்டார் என்று தோன்றும். ஆனால் வள்ளுவர் அங்கே பேசுவது செங்கோன்மை, ஆட்சி மேடை. கன்பூசியஸ் பேசுவது வீடு. ஏஐ-க்கு இரண்டும் வேண்டும், இடம் மாறக்கூடாது.

அலுவலகத்தில் வள்ளுவர்: பயனாளி பட்டியலைத் தேர்வு செய்யும் இயந்திரத்தின் எல்லைகளை மாற்ற உரிமையுள்ளவருக்கு, பட்டியலில் உறவினர் இருந்தால் அவர் அந்தச் சுற்றிலிருந்து விலக வேண்டும். வீட்டில் கன்பூசியஸ்: கூடத்தில் இருக்கும் பேசும் கருவியும் குழந்தையின் போனும் குடும்பத்துக்கு எதிரான சாட்சியாக்கப்படக் கூடாது. கடன் செயலி தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்குப் போன் போடுவது ஆட்டுக் கதையின் இன்றைய வடிவம். எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகே முழுமையாக அமலாகும். அதுவரை செயலி கேட்கும் அனுமதிகளில் ‘தொடர்புகள்’, ‘மைக்’ இரண்டையும் மறுத்துப் பாருங்கள். மறுத்தால் ஓடாத கடன் செயலியை நீக்கிவிடுவது நல்லது.

கே: அம்மா ஊரில் தனியாக. பேச்சுத் துணைக்கும் மருந்து நினைவூட்டவும் ஏஐ கருவி வாங்கி வைக்கலாமா? அம்மாவுக்குப் படுகு மொழிதான் சரளம்.
– பெங்களூரில் பணிபுரியும் கோத்தகிரி வாசகி

மருந்து நினைவூட்டலுக்கு வாங்குங்கள், பேச்சுத் துணைக்கு வேண்டாம். பெற்றோருக்குச் சோறு போடுவதையே இன்று கடமை என்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத் தீனி போடுகிறோமே, மரியாதை இல்லாவிட்டால் என்ன வேறுபாடு என்று கன்பூசியஸ் கேட்கிறார். கருவி தீனியை நன்றாகவே போடும்.

நடைமுறைச் சிக்கல் மொழியில். தமிழில் பழக்கிய பேச்சுக் கருவி படுகு மொழியைத் தமிழென்று நினைத்து, கிட்டத்தட்ட ஒலிக்கும் வேறு சொல்லாக எழுதிக்கொள்ளும். புரியவில்லை என்று ஒப்புக்கொள்ளாது. வலி பற்றிய பேச்சில் இது விளையாட்டில்லை. எனவே பேசிப் பதில் தரும் ஏற்பாட்டைவிட பொத்தான் அழுத்தும் ஏற்பாடு நல்லது: ‘போட்டுவிட்டேன்’ ஒன்று, ‘ஆள் வேண்டும்’ ஒன்று. கீழே விழுந்தால் அறியும் கருவி வைத்தால், மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் ஓடும், சிக்னல் இல்லாதபோது என்ன செய்யும் என்று மழைக்காலத்துக்கு முன்பே பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். முதல் அழைப்பு பெங்களூருக்குப் போகக்கூடாது. பக்கத்து வீட்டுக்குப் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுச் சம்மதம் வாங்குங்கள், சாவியும் கொடுங்கள். கேமராவை எங்கே வைப்பதென்று அம்மாதான் சொல்ல வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம்.

கே: மாணவர்கள் கட்டுரையை ஏஐ-யிடம் காட்டினால் எல்லாவற்றையும் ‘அருமை’ என்கிறது. என்ன செய்ய?
– ஆசிரியை, மஞ்சூர்

இனிக்கப் பேசி முகம் மலர்த்துபவரிடம் அன்புள்ளம் அரிது என்று லுன்யூவின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. எல்லாருக்கும் நல்லவனாக நடப்பவனை ‘அறத்தின் திருடன்’ என்றும் ஓரிடத்தில் கன்பூசியஸ் சொல்கிறார். இக்கருவிகள் மனிதர் விரும்பிய பதில்களைக் கொண்டு பழக்கப்பட்டவை, அதனால் முகத்துதி ஒட்டிக்கொள்கிறது. ‘எப்படி இருக்கிறது’ என்று கேட்கவிடாதீர்கள். ‘இதில் ஆதாரமில்லாத மூன்று வாக்கியத்தை மட்டும் காட்டு, திருத்தி எழுதாதே’ என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு மூலையைக் காட்டி மற்ற மூன்றை மாணவன் கண்டுபிடிக்காவிட்டால் மறுபடி சொல்லித்தரமாட்டேன் என்றவர் கன்பூசியஸ்; நான்கு மூலையையும் தானே காட்டுவது ஏஐ-யின் குணம். முதல் வரைவு கையால், வகுப்பிலேயே.

கே: அரசு அலுவலகத்தில் ஏஐ வைத்து முடிவெடுக்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால், சாதாரண ஆள் எதைப் பிடித்துக் கேட்பது?
– ஊராட்சி வார்டு உறுப்பினர், குந்தா

கன்பூசியஸிடமிருந்து கேள்வி, நம் சட்டத்திலிருந்து கைப்பிடி. தமிழ்நாடு அரசு 2020-இலேயே பாதுகாப்பான, நெறிசார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல், முறைகேட்டுத் தடுப்பு, எண்ணிம இடைவெளி, நெறி, சமத்துவம் என்று ஆறு கோணத்தில் ஆராயச் சொல்லும் ‘டேம்-டெஃப்’ சட்டகமும், ‘டீப்-மேக்ஸ்’ என்ற மதிப்பெண் அட்டையும் அதில் உண்டு. பல அலுவலகத்தில் இதைப் படித்தவர் குறைவு. நீங்கள் படித்துவிட்டுப் போனால் பேச்சு சீக்கிரம் முடியும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ் மனு எழுதுங்கள். ‘ஏன்’, ‘எதற்கு’ என்று தொடங்கும் கேள்விக்குக் கருத்துக் கேட்கிறீர்கள் என்று பதில் மறுக்கப்படலாம், ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன திட்டத்தில் பயனாளி தேர்வுக்குப் பயன்படும் மென்பொருளின் பெயரும் கொள்முதல் ஆணை நகலும்; அதற்கு டீப்-மேக்ஸ் மதிப்பீடு செய்யப்பட்டிருந்தால் அதன் நகல்; இறுதி முடிவில் கையெழுத்திடும் அலுவலரின் பதவிப் பெயர்; கடந்த 12 மாதத்தில் இயந்திரப் பரிந்துரை மாற்றப்பட்ட எண்ணிக்கையைக் காட்டும் பதிவேடு; முறையீட்டு நடைமுறை பற்றிய சுற்றறிக்கை. ‘அப்படி ஆவணம் ஏதும் இல்லை’ என்று எழுத்தில் பதில் வந்தால் அதைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த கிராம சபையில் படிக்கலாம். கட்டணம் 10 ரூபாய், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை. பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டாலும் வந்தது போதாவிட்டாலும் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்குப் பிறகு 90 நாளுக்குள் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம்.